ஒண்ணுமில்ல, விடு

தமிழில் 'கேள்' என்ற வினைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, செவியால் ஒலியை வாங்குவது. மற்றொன்று, வினவுவது. கற்றவர் சொல்லச் செவிகொடுத்து அறிவதும் கேள்வி. மனத்தில் எழும் ஐயத்தை வாய்விட்டுச் சொல்வதும் கேள்வி. வீடுகளில் மூன்றாவதாக ஒரு பொருளும் புழங்குகிறது. 'சொன்னா கேக்கணும்' என்றால் கீழ்ப்படிய வேண்டும் என்று அர்த்தம். இந்த மூன்றில் நம் வீடுகள் பெண்களுக்கு மனமுவந்து கொடுத்தது மூன்றாவதை மட்டும்தான்.

காது மங்கிய பிறகு இந்த மூன்று பொருளும் ஒரே கயிற்றின் புரிகள் என்பது எனக்கு அன்றாடத்தில் தெரியவந்தது. காது கேட்காததால் திரும்பக் கேட்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்பதால், சொன்னதைக் கேட்காதவள் ஆகிறேன்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி பார்வைக்குச் சிறியது. நாலு பேர் பேசிச் சிரிக்கிறார்கள். "என்ன சொன்னீங்க?" என்று ஒருத்தி கேட்கிறாள். "ஒண்ணுமில்ல, விடு" என்று பதில் வருகிறது. இந்தப் பதிலில் தீங்கு ஏதாவது இருக்கிறதா? சொன்னவர் பொய் சொல்லவில்லை. பேசப்பட்டது பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயம்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும், காது கேளாதவர்களை ஒன்றுசேர்த்து எந்தச் சொல் அதிகம் வலிக்கிறது என்று கேட்டால், 'செவிடு' என்ற வசைச்சொல்லுக்கு முன்னால் இந்தப் பதிலைச் சொல்பவர்கள் பலர் இருப்பார்கள். ஏன்?

எனக்குக் கேட்பது குறையத் தொடங்கியது முப்பத்தொன்றாம் வயதில், மகள் பிறந்த அடுத்த ஆண்டு. நடுக்காதிலுள்ள அங்கவடி எலும்புதான் மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர். அது அசைந்து அசைந்துதான் ஒலியை உட்காதுக்குள் தள்ளுகிறது. அதன் அடித்தட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து அசையவிடாமல் இறுக்கிவிடும் நோய்க்கு ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக வருகிறது. பேறுகாலத்தில் தீவிரமாகும் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. எல்லா ஆய்வுகளும் அதை ஒப்புவதில்லை. எனக்கு அது உட்காதையும் தொட்டுவிட்டது. ஒரு காதில் அறுவை சிகிச்சை, இப்போது இரண்டு காதிலும் மிஷின். அமைதியான அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் பெரும்பகுதி பிடிபடும். நாலு பேர், ஒரு மின்விசிறி, பாத்திரச் சத்தம் என்றானால் ஒலி கேட்கும், சொல் கேட்காது.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வெளியொலி குறையக் குறைய, தன் குரல் மட்டும் எலும்பின் வழியாகத் தனக்கு உரக்கக் கேட்கும். அதனால் இந்நோயாளிகள் மெல்லப் பேசுவார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. "காலேஜ்ல பாடம் எடுக்கிற பொண்ணு, ஆனா வீட்ல குரலே வெளிய வராது, அவ்வளவு அடக்கம்" என்று புகுந்த வீட்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசியது அந்த ஆண்டுகளில்தான். அவர்கள் போற்றிய நற்குணம் ஒரு நோயின் அறிகுறி. அவர்கள் மனத்திலிருந்த நல்ல பெண்ணின் உருவத்துக்கு அது அச்சாகப் பொருந்தியதால் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. பொருந்திப்போகிற நோயை யார் மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள்?

உதடு வாசிக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தமிழ் உதடுகளை வாசிக்கச் சொல்லித்தரும் வகுப்பு எதுவும் எனக்கு எட்டும் தூரத்தில் இல்லை. இரவில் எல்லாரும் படுத்தபின் தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்ப்பேன். கண்ணாடி முன் நின்று என் வாயையே பார்ப்பேன். பிறகு அலமாரியிலிருந்து தொல்காப்பியத்தை எடுத்தேன். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியலை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறவள் நான். எந்த எழுத்துக்கு இதழ் இயையும், எதற்கு இதழ் குவியும், எதற்குப் பல்லும் இதழும் சேரும், எதற்கு நா அண்ணத்தைத் தொடும் என்று உடம்பைப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்ட இயல் அது. தேர்வுக்கு மனப்பாடம் செய்த நூற்பாக்கள் எனக்கு வழிகாட்டிக் கையேடாயின.

அந்தக் கையேடு முதலில் கற்றுத்தந்தது, எவ்வளவு தெரியாது என்பதைத்தான். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை. வேறுபாடு மூக்கில் இருக்கிறது, மூக்கு கண்ணுக்குக் காட்டாது. ஆகவே பணமும் மணமும் ஒன்று. படியும் மடியும் ஒன்று. அப்பாவும் அம்மாவும் உதட்டில் ஒன்றேதான். ககரமும் ஙகரமும் தொண்டைப் பக்கம் நிகழ்ந்துவிடுகின்றன. ளகர ழகரங்கள் அண்ணத்தின் நிழலில். 'அக்கா'வும் 'அண்ணா'வும் ஒரே திறந்த வாய். பேச்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி மகரத்துக்கு இதழை மூடுவதில்லை, உயிரை மூக்கால் இழுத்து விட்டுவிடுகிறோம். 'வந்தான்' என்பதன் னகரமும் அப்படித்தான் மூக்கோடு போகிறது. 'வந்தாள்' என்பதன் ளகரம் உதிர்ந்தே போகிறது. எனவே உதட்டில் வந்தான், வந்தாள் என்ற பேதம் கிடையாது. வந்தது ஆணா பெண்ணா என்பதை நான்தான் ஊகிக்க வேண்டும். 'புது கலெக்டர் வந்தா...' என்று வாய் அசையும்போது மனம் தானாகவே ஆண்பாலை எடுத்து ஒட்டுகிறது. உதடு காட்டாத இடத்தைப் பழக்கம் நிரப்புகிறது. உதடு வாசிப்பது வாசிப்பே அல்ல; பாதிக்கு மேல் ஊகம். அந்த ஊகத்தில் நாம் வாழும் சமூகத்தின் கை இருக்கிறது.

இது உடம்பை வாட்டும் வேலை. மூன்று வகுப்பு முடிந்தால் கண் எரியும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் வாக்கியம் அறுந்துவிடும். விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துவிடும். படுக்கையில் இருட்டில் பேசிக்கொள்ளும் பழக்கம் எனக்கும் என் இணையருக்கும் இடையில் அப்படித்தான் இல்லாமல் போனது. 2020இல் எல்லா முகங்களும் முகக்கவசத்துக்குள் போனபோது ஊரே ஒரு நாளில் எனக்கு அந்நிய மொழி பேசத் தொடங்கியது.

இதில் பெண்ணுக்கென்று தனியாக இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, பார்வை. பேசுகிறவரின் வாயை விடாமல் பார்க்க வேண்டும். தரை பார்த்து நடக்கப் பழக்கப்பட்ட பெண் ஓர் ஆணின் உதட்டைப் பார்த்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் என்று எண்ணுகிற ஊர் இது. துறைக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் என் பார்வையைத் தாங்காமல் மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதைக் கேலியாக வேறிடத்தில் சொன்னார். அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வாக்கியமாக, "எனக்குக் காது சரியாகக் கேட்காது, உங்கள் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன்" என்று சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டாக என் குறைபாட்டை நீட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பெண்களின் வாய். என் வகுப்பில் ஆண் பிள்ளைகள் நிமிர்ந்து, முழு வாய் திறந்து பேசுவார்கள். மீசை தாடியைத் தாண்டிப் பாதியாவது தெரியும். பெண் பிள்ளைகள் சந்தேகம் கேட்கும்போது குனிவார்கள். சிரித்தால் கையோ துப்பட்டாவோ வாயை மூடும். பல் தெரியச் சிரிக்காதே என்று பத்து வயதில் சொன்னது இருபது வயதில் என் கண்ணை மறைக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு அடுப்படியில். ஆண்களின் பேச்சு பெரும்பாலும் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒருவர்பின் ஒருவராக, சில நேரம் மைக் வைத்து நடக்கிறது. பெண்களின் பேச்சோ வேலையின் ஊடே நடப்பது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கீரையை ஆய்ந்துகொண்டு, முதுகைக் காட்டியபடி, இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில். கருத்தரங்க உரை எனக்கு ஓரளவு மிஞ்சியது. அத்தையும் நாத்தனாரும் சின்னம்மாவும் தேங்காய் துருவியபடி பேசியது கைவிட்டுப் போனது.

அங்கேதான் 'ஒண்ணுமில்ல' அதிகம் கேட்டது. "என்ன சின்னம்மா?" "ஒண்ணுமில்லம்மா, சும்மா பேசிட்டிருந்தோம்." இந்தப் பதிலில் அவர்கள் என்னைத் தள்ளிவைத்ததோடு நிற்கவில்லை, தங்கள் பேச்சையே ஒன்றுமில்லாதது என்று தள்ளிவைத்தார்கள். ஆனால் அந்தச் 'சும்மா' பேச்சில் என்னவெல்லாம் இருக்கும்? எந்த வீட்டில் யார் அடி வாங்குகிறாள், எந்த உறவினரிடம் பெண் குழந்தையைத் தனியாக விடக் கூடாது, யார் நகை அடகில் இருக்கிறது, எந்த மருத்துவமனையில் பெண் டாக்டர் இருக்கிறார். பத்திரிகை சொல்லாததை, பாடநூல் எழுதாததைப் பெண்கள் பெண்களுக்குக் கடத்தும் வழி அது. அதிலிருந்து விழுந்தவள் வதந்தியிலிருந்து மட்டும் விழவில்லை. ஒரு காவலிலிருந்தும் விழுகிறாள்.

ஆக, 'ஒண்ணுமில்ல' என்ற பதிலின் தீங்கு, சொல்லாமல் விட்ட விஷயத்தின் எடையைப் பொறுத்ததல்ல. எது எனக்குத் தேவை, எது தேவையில்லை என்ற முடிவு என் கையைவிட்டுப் போகிறது என்பதுதான் தீங்கு. காது கேட்பவர்கள் நாளெல்லாம் ஒன்றுமில்லாதவற்றைக் கேட்டு, தாங்களே உதறுகிறார்கள். எனக்கு உதறும் வாய்ப்பு கிடைப்பதில்லை. வேறொருவர் எனக்காக உதறி முடித்துவிடுகிறார். பெண்கள் இதை நன்கு அறிவோம். வீட்டுக் கடன் எவ்வளவு என்று கேட்ட மனைவிக்கும், அப்பாவின் நோய் என்ன என்று கேட்ட மகளுக்கும், காது நன்றாகக் கேட்கும்போதே கிடைத்த பதில்தான் இது. உனக்கெதுக்கு அது? கேளாமை அந்தப் பழைய பதிலுக்கு ஒரு புதிய சாக்கைக் கொடுக்கிறது, அவ்வளவே.

எதிர்த்தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். திரும்பச் சொல்வது களைப்பான வேலை. நகைச்சுவை மூன்றாம் முறை சொல்லும்போது செத்துவிடும். நாளெல்லாம் உழைத்து வந்தவரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல் என்று கேட்க எனக்கென்ன உரிமை? ஹாரியட் மார்ட்டினோ என்ற ஆங்கில எழுத்தாளர் இளம் வயதிலேயே செவிப்புலன் இழந்தவர். கேட்புக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியே பிழைத்த பெண். 1834இல் காது கேளாதவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். பிறருக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். பேசியதைத் திரும்பச் சொல்லும்படி கேட்பதில்லை என்பதைத் தன் விதியாகவே வைத்திருந்தார். அந்தத் தன்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால், பிறருக்குத் தொந்தரவில்லாமல் இரு என்ற கட்டளையை அவர் எங்கே கற்றிருப்பார் என்றும் யோசிக்கிறேன். தொந்தரவில்லாத நோயாளி, தொந்தரவில்லாத விதவை, தொந்தரவில்லாத மருமகள் என்ற வரிசையில் தொந்தரவில்லாத செவிடியும் சேர்வது கடினமான காரியமல்ல.

களைப்பு பற்றிய வாதத்தில் எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. எனக்காகத் திரும்பச் சொல்பவர்கள் யார் என்று ஒரு வாரம் கவனித்தேன். மகள். பக்கத்து மேசைத் தோழி. மளிகைக் கடையில் கூட நின்ற அக்கா. பேருந்தில் நடத்துநர் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்ன ஒரு மாணவி. எல்லாரும் பெண்கள். என் உரிமை என்று நான் கேட்பது, ஊதியமில்லாத பராமரிப்பு வேலையாக மறுபடியும் பெண்கள் தோளிலேயே போய் விழுகிறது. விருந்துகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மொழிபெயர்த்தே சாப்பாடு ஆறிப்போன மகளைப் பார்த்தபின், இந்தச் சுமையை ஒருத்தியின் அன்பில் ஏற்றுவது நியாயமில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு விடை, நான் கேட்காமல் இருப்பதல்ல. சுமையை ஊருக்கெல்லாம் பங்கிடுவது. முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருவது, ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுவது, கூட்டத்தின் பொருளை முன்கூட்டியே தாளில் தருவது, வாயிலிருந்து கையை எடுப்பது. இவை தியாகங்கள் அல்ல, பழக்கங்கள். பத்து பேர் கொஞ்சம் மாறினால் ஒருத்தி முழுதாகத் தேய வேண்டியதில்லை.

உதடு வாசிப்பவளுக்கு நேர்மாறான இன்னொரு அறச்சிக்கலும் உண்டு. எனக்காகப் பேசியது எனக்குக் கிடைப்பதில்லை. எனக்கல்லாதது சில நேரம் கிடைத்துவிடுகிறது. ரயில் நிலையத்தில் எதிர் நடைமேடையில் அழுதபடி பேசும் இரண்டு பெண்களின் வாய் எனக்குத் தெரியும்; கண்ணைத் திருப்பிக்கொள்வேன். காதை மூட முடியாதவர்களுக்கு இல்லாத கடமை எனக்கு இருக்கிறது, ஏனென்றால் என் கேட்டலுக்கு இமை உண்டு.

ஆனால் எல்லா இடத்திலும் கண்ணைத் திருப்புவது அறமாகாது. அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, கூடத்தின் மறுமூலையில் சித்தப்பாவும் தம்பியும் இன்னும் இரண்டு பெரியவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டு குரலைத் தாழ்த்தவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. காது கேளாதவள்தானே. சித்தப்பாவின் வாயில் 'விடுதலை' என்ற சொல்லை நான் பார்த்தேன் என்று நினைத்தேன். விடுதலைப் பத்திரம் என்றால் என்னவென்று தெரியாத பெண் நம் ஊர்களில் குறைவு. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து மகள் கையெழுத்திடும் காகிதத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. 1989இன் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமும் 2005இன் மத்தியத் திருத்தச் சட்டமும் தந்ததை ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளும்.

அது எனக்கென்று பேசப்பட்டதல்ல. நான் பார்த்தது திருட்டா? ஒருவர் இருக்கும் இடத்தில், அவரைப் பற்றி, அவர் இல்லாததுபோல் பேசுவதை ரகசியம் என்று சொல்ல முடியாது. வேலைக்காரர்கள் முன்னும் பெண்கள் முன்னும் எசமானர்கள் இப்படித்தான் எப்போதும் பேசிவந்திருக்கிறார்கள். அங்கே மறைக்கப்பட்டது ஒன்றுமில்லை. என் இருப்புதான் கணக்கில் இல்லை. அதே சமயம், நான் பார்த்தது ஊகம். ஊகத்தின் மேல் ஒருவரைக் குற்றம் சாட்டுவதும் நியாயமில்லை. எழுந்துபோய் எதிரே உட்கார்ந்தேன். "சித்தப்பா, இப்ப சொன்னதை என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். தம்பி, "ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்" என்றான். "ஒண்ணுமில்லாததாவே இருக்கட்டும், இப்பவே சொல்லுப்பா" என்றேன். சொன்னான். நான் பார்த்த சொல்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. அவனும் நானும் பேசிக்கொள்ள ஓராண்டு ஆயிற்று. இப்போது அவன் என்னிடம் பேசும்போது முகத்தைத் திருப்புவதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உதடு வாசிக்கும் ஒருத்தியைக் காட்டி, பாருங்கள் முயன்றால் முடியும் என்று பிறவியிலேயே காது கேளாதவர்களிடம் சொல்வது பழைய கொடுமை. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாக் குழந்தைகளுக்குச் சைகைமொழி வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். பல நாடுகளின் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் கைகள் கட்டுப்படுத்தப்பட்டன. அந்தத் தீர்மானங்களை அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் வான்கூவரில் நிராகரித்தது 2010இல்தான். இந்தியாவில் சைகைமொழிக்கென்று மத்திய அரசின் ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கியது 2015இல். எனக்கு முப்பது ஆண்டுத் தமிழ் காதில் சேமிப்பாக இருந்தது. உதட்டில் தெரியாததை அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து நிரப்புகிறேன். சேமிப்பே இல்லாத குழந்தையிடம் ஊகி என்று சொன்னால் எதைக் கொண்டு ஊகிக்கும்? என் திறமை ஒரு ஒட்டுப்போடல். அவர்களுடையது முழுமையான மொழி. ஒட்டுப்போட்ட துணியை அளவுகோலாக்கி முழுத்துணியை அளக்கக் கூடாது.

பிறப்பியலை இந்த ஆண்டும் நடத்தினேன். நாபியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று ஒலி பிறக்கும் எட்டு இடங்களையும் அந்நூல் எண்ணிச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் செவி இல்லை. எழுத்து பிறப்பதற்குச் செவி தேவையில்லை. ஆனால் பேச்சு பேச்சாவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். அவர் கேட்டாரா என்று பார்க்கும் பொறுப்பு பேசியவருக்கும் உண்டு. கேட்டல் என்பது கேட்பவரின் உறுப்பு செய்யும் தனி வேலை என்று நினைக்கும்வரை, கேட்காதது அவருடைய குறையாகவே இருக்கும். அது இருவருக்கும் இடையில் நடப்பது என்று ஒப்புக்கொண்டால், குறையையும் இருவர் சேர்ந்து சுமக்கலாம்.

"கொஞ்சம் களைப்பா இருக்கு, ராத்திரி சொல்றேன்" என்று சொல்லுங்கள், ராத்திரி சொல்லுங்கள். "உனக்குச் சொல்ல விருப்பமில்லை" என்றுகூடச் சொல்லுங்கள். அதோடு சண்டை போட எனக்கு வழி இருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பூனை மறுபடி பால் குடிச்சிருச்சுன்னு சொன்னேன்" என்று சொல்லுங்கள். அது ஒன்றுமில்லாத விஷயம் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன்.